லாபம் என்று தொடங்கிய எண்ணிக்கை

பித்தளைக் குண்டை ஒரு பீரியட் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் வாசனை விரலில் ஏறி, மத்தியானம் பிசைந்த சோற்றில்கூடத் தெரியும். சித்தூரில் நான் இன்டர்மீடியட் படித்த காலத்தின் வாசனை எனக்கு அதுதான்.

பௌதிக ஆய்வகத்தில் இரண்டு பேருக்கு ஓர் ஊசல். என் ஜோடி கிருபை, பழைய மிஷன் சபைக் குடும்பத்துப் பெண். ஒரு கையால் குண்டை விட்டு மறுகையால் ஸ்டாப் வாட்சை அழுத்துவது அவள்; இருபது ஆட்டங்களை வாய்விட்டு எண்ணுவது நான். விஜயபுரத்தில் எங்கள் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டோம், "லாபம்" என்போம். அந்தப் பழக்கத்தில் அவள் குண்டை விடும்போதே "லாபம்" என்று தொடங்கி "ரெண்டு, மூணு" என்று போவேன். பக்கத்து மேசைகள் சிரிக்கும். கிருபை முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நூறு சென்டிமீட்டர் நூலுக்கு மூன்று முறை எடுத்தோம்: 38.1, 38.3, 38.0 விநாடி. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம், நாங்கள் "ஜி" என்பது, 1086 வந்தது. புத்தகத்தில் 980. இதற்கு ஆய்வகத்தில் ஒரு வழி இருந்தது: விடையை முதலில் வைத்துக்கொண்டு, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, வரவேண்டிய விநாடிகளை ரெக்கார்டு நோட்டில் நிரப்புவது. சீனியர்கள் அதைச் "சமையல்" என்பார்கள். நானும் சமைத்தேன், லெக்சரரின் கையெழுத்தும் பக்கத்தில் "குட்" என்ற சொல்லும் கிடைத்தன. கிருபை 1086ஐயே எழுதினாள். சித்தூரில் மட்டும் பூமி கூடுதலாக இழுக்கிறதா அம்மா என்று லெக்சரர் தெலுங்கில் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பித் தந்தார். மறுநாளுக்குள் கையெழுத்து இல்லையென்றால் பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார முடியாது.

அழித்துவிட்டு எழுது என்று கெஞ்சினேன்.

"நீயும் எண்ணல, நானும் பாக்கல. அந்த 980 எங்கேர்ந்துடி வந்துச்சி?" என்றாள்.

அன்று சாயங்காலம், அட்டெண்டர் சாவியோடு வாசலில் காத்திருக்க, மறுபடி ஊசலைத் தொங்கவிட்டோம். அவள் நூலை மறுபடி அளந்தாள், வேறு வாட்ச் வாங்கி வந்தாள். அப்போதும் 38தான். அடுத்த முறை நான் "லாபம்" என்றபோது அவள் குண்டை விடவில்லை. பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

"நீ லாபம் சொல்றப்ப குண்டு என் கையிலதான்டி கீது. போய்ட்டு திரும்பி வந்தாத்தான ஒண்ணு? இன்னா, உங்க களத்து நெல்லா இது?"

இருபது என்று நான் முடித்தபோதெல்லாம் குண்டு பத்தொன்பது முறைதான் ஆடியிருக்கிறது. விடும்போது "சுன்னா" என்று பூஜ்யத்தைத் தெலுங்கில் சொல்லச் சொன்னாள். 40.3, 39.9, 40.4. ஜி 977 வந்தது. இவ்வளவு பக்கத்தில் வந்தபின் 980 என்று போட்டுவிடுவாள் என நினைத்தேன். அவளோ மூன்று அளவுகளும் ஒன்றையொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்து, கூடக்குறைய 12 என்று பக்கத்தில் எழுதினாள்.

"980ம் இதுக்குள்ளதான் கீது. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பழைய 1086ஐ ஒரே கோட்டால் அடித்து, படிக்கத் தெரியும்படி விட்டு, ஓரத்தில் "லாபம் என்று எண்ணியதால் ஓர் ஆட்டம் குறைவு" என்று குறித்தாள். மறுநாள் லெக்சரர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார், "குட்" போடவில்லை.

இன்டர் முடிந்ததும் அவள் குடும்பம் ஊர் மாறிப் போனது. இரண்டு கடிதங்கள் வந்தன; பிறகு முகவரியும் மாறியது.

சென்ற மாதம் திருப்பதியில் என் மகளைச் சேர்த்த கல்லூரியின் ஆய்வகத்தைப் பார்த்தேன். குண்டு ஆடுகிறது, சென்சார் தானே எண்ணுகிறது, திரையில் மூன்று தசமம் வரை நேரம் வருகிறது. அறையில் யாரும் வாய்விட்டு எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து பரணிலிருந்து என் ரெக்கார்டை இறக்கினேன். 40.1, 40.2, 40.1. அதன் கீழே சிவப்பு மையில் "குட்". நானும் கிருபையும் சேர்ந்து எடுத்த எண் ஒன்றுகூட அதில் இல்லை. என் "லாபம்" அவள் நோட்டில்தான் இருக்கிறது.