டென்மார்க்கின் நீலக் கப்பல்

எண்பதுகளில் ஓசூரில் ஒரு பெண் தபால்தலை சேர்க்கிறாள் என்றால், ஊர் முதலில் அவளைப் பார்க்கும், பிறகு அவள் புருஷனைப் பரிதாபமாகப் பார்க்கும். நான் சேர்த்ததோ டென்மார்க் தபால்தலை. "ஏனம்மா, முத்திரை குத்தின ஸ்டாம்ப்பு. திரும்பி ஒட்டறதுக்கும் ஆகாது. இத வெச்சிக்கினு என்ன பண்ணுவே?" என்று எங்கள் வீட்டுக்கார அம்மா கன்னடம் கலந்த தமிழில் கேட்பார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அலுமினிய வார்ப்புகள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். எங்களுக்கு ஒரு மிஷின் டென்மார்க்கிலிருந்து வந்தது. அது சம்பந்தமாக வந்த கடித உறைகளில் பெரிய தபால்தலைக்குப் பக்கத்தில், சில்லறைக் கணக்கைச் சரிக்கட்ட ஒரு குட்டித் தபால்தலை ஒட்டியிருக்கும். நடுவில் எண், பின்னால் அலை அலையாகக் கோடுகள். வேலைக்கு வைத்திருந்த லென்ஸை விளையாட்டாக அதன்மேல் வைத்துப் பார்த்தேன். கோடுகள் தாளில் படிந்திருக்கவில்லை, எழுந்து நின்றன. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

எஃகுத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி, பள்ளத்தில் மையை நிரப்பி, தாளை அழுத்தி எடுப்பார்கள். அதனால் மை மேடாக நிற்கும், நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டுப்படும். முப்பதுகளில் டென்மார்க்காரர்கள் இப்படிச் செதுக்கி, பாய் விரித்த கப்பல் படத்தில் ஒரு வரிசை வெளியிட்டார்கள். அதே கப்பலைச் சில வருஷம் முன்னால் சாதாரண அச்சிலும் போட்டிருந்தார்கள். அதுதான் என் பிராணனை வாங்கியது. தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. தொட்டால்தான் தெரியும், ஒன்று வழவழ, மற்றது சொரசொர.

செதுக்கிய வரிசையில் எல்லா நிறங்களும் சேர்ந்துவிட்டன, நீலம் தவிர. அபூர்வமானது என்றாலாவது மனசு ஆறும். அந்த ஊரில் அது சாதாரணத் தபால்தலையாம். எனக்கு மட்டும் கிடைக்காமல் கண்ணாமூச்சி காட்டியது. பெங்களூர் வியாபாரி ஒருவர் "செதுக்கினதே தான்" என்று சத்தியம் செய்து கொடுத்தார். பஸ் ஓசூர் வந்து சேர்வதற்குள் நகம் சொல்லிவிட்டது, வழவழ. திருப்பிக் கொண்டுபோனால், "கண்ணுக்கு ஒண்ணாத்தானே இருக்குது" என்றார். இரண்டாம் முறையும் வழவழதான். மூன்றாம் முறை செதுக்கினதே வந்தது, கப்பலின் பாதியை முத்திரை மூடியிருந்தது. அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை எனக்கு.

என் கணவர் சிங்காரப்பேட்டைக்காரர், விவசாயக் கூலிக் குடும்பம். அதே கம்பெனியில் அவருக்கு ஃபெட்லிங் வேலை. வார்ப்பு அச்சிலிருந்து வெளியே வரும்போது ஓரமெல்லாம் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டி, அரத்தால் ராவி, வழவழவென்று ஆக்கி என் மேஜைக்கு அனுப்ப வேண்டும். நான் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன். துளி பிசிறு தட்டினாலும் சிவப்புச் சாக்கட்டியால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். புருஷன் என்று பார்த்ததில்லை. பார்த்தால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? அவரும் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடைசியில் டென்மார்க்கில் இருக்கும் ஒரு சேகரிப்பாளருக்கு நம் ஊர்த் தபால்தலைகளைக் கட்டி அனுப்பி, மாற்றாக நீலக் கப்பலைக் கேட்டேன். மாதக்கணக்கில் பதிலே இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை மிதிப்பார். போகட்டும் என்று கைவிட்ட பிறகுதான் வந்தது. முத்திரை ஓர மூலையில் லேசாக. கப்பல் முழுசாக. நகத்தை ஓட்டினேன், சொரசொர! சமையலறையில் நின்றபடி சிரித்தேன், பைத்தியம் மாதிரி.

பெங்களூரில் சேகரிப்போர் சங்கத்தில் கண்காட்சி வைத்திருந்தார்கள். வரிசை முழுசாக இருந்தால் ஒரு பக்கம் வைக்கலாம் என்று எனக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். கண்காட்சிக்கு முந்தின நாள் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். ஆல்பத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். அவருக்கு அன்று வாராந்திர லீவு.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஆல்பத்தைத் திறந்தேன். கப்பல்கள் எல்லாம் இருந்தன. என்னவோ சரியில்லை. ஒரு நிமிஷம் புரியவில்லை, பிறகு புரிந்தது. தபால்தலைகளைச் சுற்றிப் பல்பல்லாக ஓரம் இருக்குமே, அது இல்லை. ஒன்றில்கூட இல்லை. ஸ்டீல் ஸ்கேல் வைத்து, பிளேடால், நூல் பிடித்த மாதிரி வெட்டியிருந்தது. பல் போன தபால்தலையைச் சேகரிப்போர் யாரும் கையால்கூடத் தொட மாட்டார்கள்.

"யார் இத வெட்டுனது?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர் குளித்து, தலை சீவி, என்னோடு பெங்களூர் வருவதற்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "நான்தான். பெரிய ஆளுங்க பாப்பாங்கன்னு சொன்னியே. நாலா பக்கமும் பிசுறா இருந்திச்சு. எடுத்துட்டேன்."

"அது பிசிறு இல்லீங்க! அதான் அதோட ஓரம்! எத்தன வருஷம்... ஐயோ, ஒண்ணையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

கத்தினேன். பக்கத்து வீட்டு விளக்கு எரிகிற அளவுக்குக் கத்தினேன். கையில் கிடைத்த பிளேடை ஜன்னல் வழியே வீசினேன். அவர் பாதி பட்டன் போட்ட சட்டையோடு அப்படியே நின்றார். எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கடைசியில், மெதுவாக. "துளி இருந்தாலும் நீ வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவே. உன்னுத அவங்க அப்படித் திருப்பிடக் கூடாதுன்னுதான்."

பஸ் போய்விட்டது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார். எனக்குக் கோபம் ஆறவில்லை, இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. நீலக் கப்பலைக் கையில் எடுத்தேன். பழக்கதோஷம், கட்டைவிரல் தானாக ஓரத்தைத் தடவியது. நாலு பக்கமும் தடவினேன். அவர் வேலையில் என் விரலுக்கு எங்கேயும் எதுவும் தட்டுப்படாதது அதுதான் முதல் தடவை.