வெட்டிய ஸ்பிரிங்

அடுத்த வீட்டுத் தையல்கார அக்காவின் மெஷினைக் கெடுத்தது நான். கெடுத்துவிட்டுப் பொய்யும் சொன்னேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷம். நைனார்பாளையத்தில் ஆசிரியராக இருந்தேன். திருநாவலூருக்குத் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போன அக்காவால் திரும்ப முடியவில்லை. சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அவர் வீட்டுக் கூரை ஒழுகும் என்பதால் மெஷின் எங்களிடம் இருந்தது. "சும்மா கெடக்கறதுக்கு நீ எதனா தச்சிக்கோ" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

எனக்குக் கல்வராயன் மலைக்கு மாற்றல் வந்திருந்தது. அங்குள்ள குளிருக்குக் குழந்தைக்கு ஆகும் என்று மனைவி பழைய சேலைகளை அடுக்கி மெத்தைப் போர்வை தைத்தாள். பள்ளி இல்லை, பஸ் இல்லை, பேப்பர் இல்லை. கூட்டுரோடு வரை நடந்து, அங்கே வெட்டிக் கிடக்கும் மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். வந்து உட்கார முடியாமல் மறுபடி நடப்பேன்.

அந்தத் தவிப்பில்தான் மெஷினில் கை வைத்தேன். பாபினில் நூல் சுற்றும் சக்கரத்தில் ரப்பர் தேய்ந்திருந்தது. சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டினேன். நூல் போகும் கொக்கி உடைந்த இடத்தில் ஊக்கு ஒன்றை வளைத்துக் கட்டினேன். இரண்டும் வேலை செய்தன. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அப்புறம், துணியை அழுத்திப் பிடிக்கும் காலுக்கு அடியில் போர்வை சிக்கியது.

"இன்னாங்க, ஒரு சேலைய எடுத்துட்டா துணி நவுந்துடும்."

"நீ சும்மா இரு. அழுத்தம்தான் ஜாஸ்தி."

அந்தக் காலை அழுத்தும் ஸ்பிரிங்கைக் கழற்றிச் சில சுற்றுகளை வெட்டி எறிந்தேன். போர்வை நழுவி ஓடியது. "பாத்தியா?" என்றேன்.

சாலை திறந்து அக்கா வந்தார். கல்யாண ஜாக்கெட்டுகள் காத்திருந்தன. அழுத்தம் போன மெஷினில் மெல்லிய துணி நகரவில்லை, தையல் கோணியது.

"சார், எதனா கழட்டுனீங்களா?"

"இல்லியே. எங்களுக்கு நல்லாத்தான் ஓடுச்சி."

மனைவி என்னைப் பார்த்தாள்.

அந்த வாக்கியம் ஊருக்குள் போயிற்று. கல்யாண வீட்டுக்காரி ஜாக்கெட்டை வீசிவிட்டுக் கேட்டாள்: "வாத்தியார் வூட்ல நல்லா ஓடுச்சாமே? ஒனக்குக் கண்ணு போச்சாக்கா?" இன்னொரு வீட்டாரும் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அக்கா தன் விரல்களை விரித்துப் பார்த்தபடி, "என் கைதான் போச்சி" என்றார்.

அதைக் கேட்டபின் சோறு இறங்கவில்லை. சரி செய்து தருவதாகப் போய் பேனா ஸ்பிரிங், டார்ச் ஸ்பிரிங் எல்லாம் வைத்துப் பார்த்தேன். எதற்கும் வலு இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் புது ஸ்பிரிங் வாங்கி வந்து, அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். "ஸ்பிரிங்க அங்க வச்சிடுங்க. நல்லா ஓடுச்சின்னு சொன்னீங்களே, அத அவங்ககிட்ட போய் மாத்திச் சொல்லுங்க."

இரண்டு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் நம்பினார்கள். மறுநாளே துணி திரும்பி வந்தது. ஜாக்கெட்டை வீசியவள் சிரித்தாள்: "வாத்தியாரே, ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்ளோ பேச்சா?" அவள் கடைசிவரை துணி அனுப்பவில்லை.

ஸ்பிரிங்கை அக்காவே மாட்டிக்கொண்டார். பிறகு மலையிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் அவரைப் பார்க்கப் போவேன். என் தலை தெரிந்ததும் முதலில் மெஷின்மேல் மூடியைக் கவிழ்ப்பார். அதற்கப்புறம்தான், "வாங்க சார்" என்பார்.