கம்பி என்னிடம், மூக்கு அவரிடம்

ஏற்காட்டில் பைக் ரிப்பேர் கடையை நானும் என் மச்சானும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவர் வாயால் வேலை செய்வார், நான் கையால் என்று வருகிறவர்கள் கேலி பேசுவார்கள். அது உண்மைதான். வண்டிக்காரரிடம் பேசுவது, சிரிக்க வைப்பது எல்லாம் அவர் வேலை. நான் வண்டிக்குக் கீழே இருப்பேன். எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

மழையும் பனியும் உள்ள ஊரில் சக்கரத்து பேரிங் சீக்கிரம் போய்விடும். தண்ணீர் இறங்கி கிரீஸ் வெளுத்து, உள்ளே உருளும் குண்டுகள் துருப்பிடிக்கும். அதைக் கழற்ற சேலத்திலிருந்து ஒரு புல்லர் வாங்கி வந்தோம். முழ நீளக் கம்பி, அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் கனத்த இரும்பு உருளை, நுனியில் மாட்ட மூன்று அளவில் மூக்கு. மூக்கு என்பது நாங்கள் வைத்த பெயர். ஆக்ஸிலை உருவிவிட்டு, மூக்கை பேரிங்கின் துவாரத்துக்குள் விட்டுத் திருகினால் உள்ளே விரிந்து கவ்விக்கொள்ளும். உருளையைப் பின்னால் இழுத்து அடித்தால் நாலாவது அடியில் பேரிங் நேராக வெளியே வந்துவிடும். அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கீறல் இருக்காது.

எட்டு வருடம் கழித்துக் கடையைப் பிரித்தோம். சண்டை இல்லை. இரண்டு குடும்பத்துக்கு ஒரு கடை போதவில்லை. சேலத்திலிருந்து மேலே வரும்போது ஊருக்குள் நுழையும் இடத்தில் மச்சான் தனியாகக் கடை பார்த்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து சாமான்களைப் பங்கு வைத்தார்கள். ஸ்பேனர் செட் ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. கடைசியில் புல்லர் மட்டும் மிஞ்சியது. அதை யார் எடுப்பது என்று கேட்டபோது மச்சான் சொன்னார்:

"கம்பி மாப்ளகிட்ட இருக்கட்டும். மூக்கு எங்கிட்ட இருக்கட்டுங்க. வேணுங்கறப்ப அங்கயும் இங்கயும் போயி வாங்கிக்கறது."

"பொண்ண இந்த ஊட்டுல குடுத்துப்போட்டு சீர அந்த ஊட்டுல வெச்சுக்கற கணக்கா இருக்குது" என்றார் பங்கு பிரிக்க வந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் சுருக்கென்று இருந்தது. எனக்குப் போய்க் கேட்கக் கூச்சம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன்.

முதல் தடவை மூக்கு தேவைப்பட்டபோது கிளம்பிப் போனேன். அவர் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எதிரே டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். கூட்டம் குறையவில்லை. இன்னொரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பிறகு போகவே இல்லை.

அவர் வந்தார். ஆரம்பத்தில் மாதம் இரண்டு முறையாவது கம்பி கேட்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யார் தோட்டத்தில் காட்டெருமை இறங்கியது என்பது வரை பேசுவார். நான் வேலையைப் பார்த்துக்கொண்டே ம் கொட்டுவேன். டீ வாங்கி வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டதாக ஞாபகம் இல்லை. நாளாக நாளாக வருவதைக் குறைத்துக்கொண்டார். யாராவது இந்தப் பக்கம் வந்தால் சொல்லி அனுப்பிக் கம்பியை வாங்கிக்கொள்வார்.

மூக்கு இல்லாமல் நான் உளியால் வேலை செய்யப் பழகினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து நீள உளியை விட்டு, பேரிங்கின் உள்விளிம்பைச் சுத்தியலால் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். பேரிங் கோணலாக நகர்ந்து நகர்ந்து வெளியே வரும். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கோணலாக வரும்போது அது உட்காரும் இடத்தைச் சுரண்டிவிடும்.

மாரமங்கலத்திலிருந்து மிளகு கொண்டுவரும் ஒருவரின் முன்சக்கரத்தில் அப்படி ஆகிவிட்டது. புது பேரிங்கை வைத்தால் அடிக்காமல் கையாலேயே உள்ளே போனது. அப்படிப் போகக் கூடாது. சேலத்துக்கு அனுப்பி லேத்தில் வளையம் போட்டு வாங்க வேண்டும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார், என்னால்தான் என்று சொல்ல வேண்டும். நான் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை எடுத்துச் சுத்தியலால் தட்டி, உட்காரும் இடத்தைச் சுற்றிலும் புள்ளி புள்ளியாகக் குத்தினேன். குத்தின இடத்தில் உலோகம் கொஞ்சம் எழும்பி பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நாளைக்குப் பிடிக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மச்சானே வந்தார். வெகுநாள் கழித்து வந்திருந்தார்.

"கம்பி வேணுமுங்க மாப்ள. ஒரு பேரிங்கு இறுகிக் கெடக்குது."

எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் நின்றார். யார் வண்டி என்று நான் கேட்கவில்லை. போய்விட்டார். மறுநாள் மஞ்சக்குட்டை ஜீப்காரரிடம் கம்பியைத் துடைத்து எண்ணெய் தடவிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அது யார் வண்டி என்று மாரமங்கலத்துக்காரர் ஆயில் மாற்ற வந்தபோதுதான் தெரிந்தது. சேலத்திலிருந்து மனைவியையும் பெண்ணையும் உட்கார வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகளில் முன்சக்கரம் தனியாக ஆட ஆரம்பித்திருக்கிறது. கடைசி மூன்று வளைவுக்கும் அவர்களை இறக்கி நடக்கவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மச்சான் கடையில் நிறுத்தியிருக்கிறார். ஒரு பக்கத்து பேரிங் விரல் பட்டதும் வந்துவிட்டதாம். இன்னொரு பக்கம் இறுகிவிட்டதாம்.

"உள்ளார புள்ளி புள்ளியா இருந்துச்சுங்க. அதென்னங்கன்னு கேட்டேன். கம்பெனியிலயே அப்பிடித்தான் வருமுன்னாருங்க. மழத்தண்ணி எறங்கிப்போச்சு, ஆரு மேலயும் தப்பில்லீன்னு அவரே சேலத்துக்கு அனுப்பிச் சரி பண்ணிக் குடுத்தாரு."

வண்டிக்காரர் முகத்தைப் பார்த்துத் தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆயில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். அவர் போன பிறகு கடையைச் சாத்திவிட்டு மச்சானிடம் போக வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு மழை. மறுநாள் வேலை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாததால் அந்த வாரம் போனது, அந்த வருடமும் போனது.

மச்சானுக்கு முழங்கால் முடியாமல் போய், கடையைக் கொடுத்துவிட்டு ஓசூரில் மகளோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது என் மனைவியிடம் ஒரு துணி முடிச்சைக் கொடுத்திருக்கிறார். மூன்று மூக்கும் இருந்தன, கிரீஸ் தடவி. அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள், "நீங்க அந்தப் பக்கம் வரோணுமுன்னுதானுங்க அண்ணன் அதை அப்பிடிப் பிரிச்சுது. பிரிச்ச அன்னைக்கே எங்கிட்டச் சொல்லுச்சு." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் எதைக் கேட்டிருக்கிறீர்கள் என்றாள்.

இப்போது முழுப் புல்லரும் என்னிடம் இருக்கிறது. பேரிங் நாலாவது அடியில் வந்துவிடுகிறது.

வாரா வாரம் மனைவி அண்ணனோடு போனில் பேசுவாள். கடைசியில் போனை என்னிடம் நீட்டுவாள். போன வாரமும் நீட்டினாள். இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று வாங்கினேன். அவர்தான் முதலில் பேசினார்.

"மூக்கு நல்லாப் புடிக்குதுங்களா மாப்ள?"

"புடிக்குதுங்க மச்சான்" என்றேன்.

அவர் காத்திருந்தார். மூச்சு விடும் சத்தம் கேட்டது. அங்கே மழையா என்று கேட்டேன். இல்லை, வெயில் என்றார். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.