கிணறு கொடுத்த மிஸ் கோல்

ஓ.எல். சோதனையோடு படிப்பை நிறுத்திய நான் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். கலியாண வீட்டில்கூட மூலையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள் நான். ஆனால் இதை நினைக்கிற நேரமெல்லாம் சிரிப்பு வந்து கைவேலை கெடுகிறது. எழுதினாலாவது அடங்குமோ என்று பார்க்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணுவிலில் எங்களுக்கு இருபத்துநாலு பாத்தி வெங்காயம் இருந்தது. கிணறு பங்குக் கிணறு. எங்கள் இறைப்பு முறை மூன்று நாளுக்கு ஒரு தடவை, காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. ஒன்பது மணிக்குப் பக்கத்துக் காணி அண்ணையின் முறை தொடங்கிவிடும். ஒரு முறை தவறினால் ஆறு நாள் தண்ணீர் இல்லை. அந்தச் சித்திரை வெயிலில் குமிழ் வைக்கிற வெங்காயம் ஆறு நாள் தாங்காது.

அந்தக் கிழமைதான் எங்கள் பம்பில் ஒரு பெட்டி பூட்டினார்கள். உள்ளே சிம் இருக்கிறது. ஃபோனில் அதற்கு அடித்தால், எடுத்து மூன்று எண்ணுவதற்குள் வெட்டிவிட்டு மோட்டாரை ஓடவிடும். மறுபடி அடித்தால் நிறுத்திவிடும். என் கணவரின் நம்பரையும், வீட்டு நம்பர் என்று என்னுடையதையும் அதில் பதிந்தார்கள். மோட்டார் ஓடினாலும் நின்றாலும் பெட்டி என் ஃபோனுக்கு ஒரு தரம் அடித்து அறிவிக்கும் என்று பூட்டியவர் என் கணவருக்குச் சொன்னார். பெட்டி பூட்டிய கதையையே அவர் எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

முறை நாள் காலையில் அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் புட்டுக்குக் குழைத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் ஒரு தரம் அடித்து நின்றது. தெரியாத நம்பர். எங்கள் பக்கத்தில் ஒரு தரம் அடித்து நிறுத்தினால், ‘என்னிடம் ரீலோட் காசு இல்லை, நீ திருப்பி எடு’ என்று அர்த்தம். எடுக்காமல் விட்டால் பிறகு கோயில் வாசலில் வைத்துக் கேட்பார்கள். மாக்கையோடு திருப்பி எடுத்தேன்.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

வெட்டுப்பட்டது. உடனே மறுபடி ஒரு தரம் அடித்தது. நானும் மறுபடி எடுத்தேன்.

“ஃபோனை வையாதேங்கோ, நான்தானே எடுக்கிறன்...”

வெட்டு. மிஸ் கோல். திருப்பி எடுத்தேன்.

“கறி அடிப்பிடிக்குது, கெதியாச் சொல்லுங்கோ!”

எனக்கு ஃபோனில் கதைக்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்த ஆள் வாயே திறக்கவில்லை. என்னைவிடக் கூச்சமான ஒருவர் உலகத்தில் இருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஏழெட்டுத் தரத்துக்குப் பிறகு எனக்கு நல்ல துணிவு வந்துவிட்டது. “பயப்பிடாதேங்கோ, நானும் உப்பிடித்தான்” என்று ஆறுதல்கூடச் சொன்னேன். இப்படியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது.

எட்டேகாலுக்கு என் கணவர் முழங்கால் வரை சேற்றோடு சைக்கிளில் வந்து குதித்தார்.

“ஆரோடையடி உவ்வளவு நேரமாக் கதைக்கிறாய்? தண்ணி வருகுது, நிக்குது, வருகுது, நிக்குது! கரண்ட் நிக்குதோ எண்டு கேக்க உனக்கு எடுத்தால் எங்கேஜாவே இருக்குது!”

“ஆரெண்டு தெரியேல்லை. பாவம், சரியான கூச்சக்காரர்.”

அவர் ஃபோனைப் பறித்து நம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அடியேய், உது எங்கடை கிணறு!”

சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் பறந்தார். ஏழு பாத்திதான் நனைந்திருந்தது. பதினேழு பாத்தி காய்ந்து கிடந்தது. ஒன்பதுக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. எனக்கு அழுகை வரப் பார்த்தது. பக்கத்துக் காணி அண்ணை மண்வெட்டியோடு வந்து நின்றார். என் கணவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அண்ணை சிரிப்புத் தாங்காமல் வரம்பிலேயே குந்திவிட்டார்.

“தங்கச்சி, இத்தனை வரியமா என்னோடை ரெண்டு சொல்லுக் கதைச்சிருப்பியே? கிணத்துக்கு மட்டும் ஆறுதல் சொல்லுறியோ?”

“கிணறு ஒண்டும் திருப்பிக் கேக்கேல்லை அண்ணை.”

என் வாயிலிருந்துதான் அது வந்தது. என் கணவர் வாயைப் பிளந்தார். அண்ணைக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“சரி, மிச்சப் பாத்தியளையும் முடியுங்கோ. நான் பத்தரைக்குத் தொடங்கிறன். ஆனா தங்கச்சிதான் ஃபோன் அடிக்கவேணும். எனக்குப் பாக்கவேணும்.”

நான் அடித்தேன். பம்ப் உறுமியது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடி வந்தது. “வந்திட்டுது!” என்று தோட்டவெளி முழுக்கக் கேட்கக் கத்தினேன். ஃபோன் ஒரு தரம் அடித்தது. மூன்று பேரும் ஒன்றாக “எடாதை!” என்று கத்தினோம். நானும் எனக்கே கத்தினேன்.

பெட்டி செய்தவர் கெட்டிக்காரர்தான். ஆனால் ஒரு தரம் அடித்து நிறுத்தினால் இங்கே என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருவரையும் அவர் கேட்கவில்லை போலும். ஆரும் சுலபமாகப் பாவிக்கலாம் என்று சொல்லித்தான் தந்தார்கள். அது உண்மை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் நான் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதைப் பாவித்திருக்கிறேன்.

பத்தரைக்குள் இருபத்துநாலு பாத்தியும் நனைந்துவிட்டது.

அடுத்த நாள் பெட்டி பூட்டியவர் வந்து, அதிலிருந்து என் நம்பரை அழித்துவிட்டுப் போனார்.