கல் காயும்வரை

பர்கூர்ப் பக்கம் ஒரு கிரானைட் குவாரி. அதை நம்பி அடிவாரத்தில் கொஞ்சம் வீடுகள், ஒரு டீக்கடை. டீக்கடை என்னுடையது. மேலே கம்ப்ரசர் ஓடினால்தான் கீழே என் அடுப்பு எரியும். அது நின்றுவிட்டால் நான் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

போன வருடம் வெட்டி எடுத்த கல்லெல்லாம் விரிசல் என்று வரிசையாகத் தள்ளுபடியானது. புதிதாக வெட்டிய ஒரு கல்லைக் காட்டி, "இந்தக் கல்லும் போகலன்னா மூடிட்டுப் போயிடுவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். மூடினால், அங்கே துளை போடுகிற என் வீட்டுக்காரர் ஓசூரில் ஏதாவது கம்பெனி வாசலில் காண்ட்ராக்ட் வேலைக்கு நிற்க வேண்டும். நானும் ஒற்றை அறைக்குள் போய் அடைய வேண்டும். சுவருக்கு இன்னும் பூச்சுகூட முடியாத எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

கல் வாங்கும் பெங்களூர்க்காரர் வருவதாகச் சொன்ன அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு டீக்கு இரண்டு முறை சர்க்கரை போட்டேன், அடுத்ததற்குப் போடவே இல்லை. கடைசியில் கடையை அப்படியே விட்டுவிட்டுக் குடத்தோடு மேலே ஏறினேன்.

கல்லைச் சோதிக்க அதன்மேல் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். நல்ல கல் ஒரே சீராகக் காயும். விரிசல் இருந்தால் அந்த இடம் மட்டும் ஈரத்தை விடாமல் மயிரிழையாகக் கறுத்து நிற்கும்.

பெங்களூர்க்காரர் வந்து நின்றதும் நான்தான் ஊற்றினேன். வெயிலில் கல் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு கோடு தெரிய ஆரம்பித்தது. யோசிக்கவே இல்லை, மறுபடியும் ஊற்றிவிட்டேன்.

"தூசிங்க சார், அதான்" என்றேன்.

அவர் கல்லைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோடு மறுபடி எட்டிப் பார்த்தது. நானும் மறுபடி ஊற்றினேன்.

"ஏய், செத்த சும்மா இரு" என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். சும்மா இருக்க முடிந்தால் நான் ஏன் மேலே ஏறி வருகிறேன்?

மறுபடி குடத்தைச் சாய்க்கப் போனபோது பெங்களூர்க்காரர் சிரித்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"ஏம்மா, எத்தன தடவ ஊத்துனாலும் காயத்தானே போகுது?"

கல்லை வாங்காமலே அவர் கார் மலையிறங்கிப் போனது. கல் முழுக்கக் காய்ந்து கோடு மட்டும் கறுப்பாக நின்றது. யாருக்காக என்று தெரியவில்லை, கை மறுபடியும் குடத்துக்குப் போனது. வீட்டுக்காரர் அதை மெதுவாக என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"மிச்சத் தண்ணி இருக்கட்டும்டி. பாத்திரம் கழுவி மூட்ட கட்டணுமில்ல."