கோழிப்படையின் தையல்காரர்

தையல்காரர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தப்புத்தான் செய்திருந்தார். அதை மூவாயிரம் தடவை செய்திருந்தார்.

போர்க்காலத்தில் அவசர அவசரமாகத் திரட்டிய ஒரு பிரிகேடுக்குத் தோள் சின்னம் தைக்கும் வேலை அவருக்கு வந்தது. சிறகு விரித்த பருந்து. மூன்றே நாள் கெடு. முதல் நாளே, கீழே விழுந்த அவருடைய மூக்குக் கண்ணாடி மேல் ராணுவ லாரி ஏறிவிட்டது. மனிதர் குத்துமதிப்பாகத் தைத்துத் தள்ளினார். கொண்டையும் குண்டு வயிறுமாக, முட்டையிட இடம் தேடும் அசல் கோழி வந்து சேர்ந்தது. வாங்க வந்த ஸ்டோர் அதிகாரி படத்தையா பார்த்தார்? மூவாயிரம் இருக்கிறதா என்று எண்ணினார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார்.

எதிரிகள் வானொலியில் "கோழிப்படை" என்று கெக்கலி கொட்டினார்கள். நம் சிப்பாய்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆற்றங்கரைச் சண்டையில் மூவாயிரம் பேரும் கொக்கரித்துக்கொண்டே பாய்ந்ததில், எதிரிகள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். போர் முடிந்ததும் பிரிகேடைக் கலைத்துவிட்டார்கள்.

தையல்காரரின் அவமானம் மட்டும் கலையவில்லை. முப்பத்திரண்டு வருடமாக எந்தப் பழைய சிப்பாய் எதிரே வந்தாலும் பக்கத்துத் தெருவில் புகுந்துவிடுவார். சாவதற்குள் ஒரு தடவையாவது ஒழுங்கான பருந்தைத் தைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

ஒருநாள் கேப்டன் ஒருவர் கடைக்கு வந்தார். "பழைய பிரிகேடை மறுபடி ஆரம்பிக்கிறோம் ஐயா. சின்னம் நீங்கதான் தைக்கணும்."

தையல்காரர் ஒரு வாரம் உயிரைக் கொடுத்து ஒரு பருந்தைத் தைத்தார். அதன் முறைப்பைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது. கேப்டன் அடிக்கோலை வைத்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கொண்டை எங்கய்யா? வயிறும் பத்தலையே."

"பருந்துக்கு ஏது சார் கொண்டை?"

"பருந்தா? ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு வாங்கினது கோழி. இனிமே அதுதான் சின்னம். அதை மாத்த யாருக்கும் அதிகாரம் கிடையாது."

தையல்காரர் கோழி தைக்க மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் பாழாய்ப்போன பருந்தே வந்தது. பொறுமை போன மனைவி அவர் கண்ணாடியைப் பிடுங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள்.

"இப்பத் தைங்க பாப்போம்."

அரைமணி நேரத்தில் கோழி வந்து உட்கார்ந்தது.

அணிவகுப்பு நாளில் மைதானம் முழுக்கக் கோழிகள். தையல்காரர் நைசாக நழுவப் பார்த்தபோது, ஊன்றுகோலோடு ஒரு பழைய சிப்பாய் வழிமறித்தார்.

"நீங்கதானே தைச்சது? அன்னிக்கு ஆத்துல இறங்க எனக்குக் கால் வரலைங்க. அப்படி ஒரு நடுக்கம். பக்கத்துல இருந்தவன் தோளைப் பாத்தேன். இந்தக் கோழி என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே இறங்கிட்டேன்."

தையல்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடி ஒளியாமல் அங்கேயே நின்று அழுதார். மனைவி அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டாள். அவர் எதிரே போன தோள்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார்.

"வயித்தை இன்னும் கொஞ்சம் குண்டா வச்சிருக்கலாம்," என்றார்.