யோனெயின் வாடகைப் புத்தகக் கடையும் பள்ளிக்கூடத்து நெருப்பும்

ஓசாக்கா முழுக்கத் தேடினாலும் எங்கள் கால்வாய்த் தெருவைப் போல இன்னொரு தெரு கிடைக்காது. இங்கே அப்பன் சொத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் ஒருத்தன் கிடையாது. எல்லாரும் தாமாக எழுந்து நின்றவர்கள். அவர்களிலும் ஹத்தா யோனெ ஒரு படி மேல். குண்டு விழுந்து எரிந்த ஊரில் பழைய இரும்பு பொறுக்கி, தள்ளுவண்டி இழுத்து, அந்தக் கையாலேயே வாடகைப் புத்தகக் கடை போட்டவள். பள்ளிக்கூடம் அவளுக்கு மூன்றாம் வகுப்போடு சரி. அதற்கப்புறம் படிக்கச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் படக்கதைப் புத்தகங்கள்தான். அதை அவள் மறைத்ததும் இல்லை.

"படத்தைப் பார்த்தேன், எழுத்து தானா வந்துச்சு. எந்த வாத்தியாரும் என்னை அடிக்கல," என்பாள்.

அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்க வக்கு ஏது? யோனெ கடையில் வாடகைக்கு எடுத்துப் போய், மறுநாள் சாயங்காலம் திருப்பித் தருவார்கள். புதுப் புத்தகம் வந்ததும் யோனெ முதலில் தாள்களைச் சேர்த்துக் குத்தியிருக்கும் கம்பியைப் பிடுங்கி எறிவாள். துளையூசியால் குத்தி, மீன்வலை நூலால் இறுக்கித் தைப்பாள். மேலே கண்ணாடிக் காகிதம் போடுவாள். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் இழுத்தாலும் ஒரு தாள் கழன்று வராது.

கத்திச் சண்டை, பேய், துப்பாக்கி எல்லாம் மேல்தட்டில். நடுத்தட்டு அவளுடைய தட்டு. யாருக்கும் பேர் தெரியாத சின்ன வயசுச் சித்திரக்காரர்கள் போட்ட கதைகள். அதில் ஒன்று அவளுக்கு உயிர். நோயில் விழுந்த அப்பாவுக்குப் பதிலாக ஒரு பெண் பிள்ளை ஆற்றில் படகு தள்ளுகிறாள். போருக்குப் போன அண்ணன் வருவான் என்று எதிர்க்கரையைப் பார்த்தபடியே இருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

"அத்தை, இதுல சண்டையே இல்லையே," என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள்.

"சண்டை வேணும்னா வீட்டுக்குப் போ. உங்கப்பனும் ஆத்தாளும் போடுறது பத்தலையா?"

சிரித்துக்கொண்டே மேல்தட்டுக்குக் கை நீட்டுவார்கள். நடுத்தட்டு அப்படியே கிடக்கும்.

ஆனி மழை விட்ட ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் கடைக்குள் மொய்த்துவிட்டார்கள். யாரும் மேல்தட்டைத் தொடவில்லை. எல்லாரும் நடுத்தட்டில் கை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தட்டு காலி. யோனெக்குத் தலைகால் புரியவில்லை.

தெருத்தெருவாகத் தோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கும் இவாசா ஊதுகுழலை ஊதிக்கொண்டு வந்தார். அவரைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாத்தீரா ஓய்! நல்ல சரக்கு ஒரு நாள் போகும்னு நான் சொன்னேனா இல்லையா? நடுத்தட்டு மொத்தமும் போயிடுச்சு."

இவாசா குழலைக் கீழே வைத்தார். "போகத்தான் போயிருக்கு. பள்ளிக்கூட மைதானத்துல குவிச்சு வச்சிருக்காங்க, இப்பத்தான் பாத்துட்டு வரேன். கெட்ட புத்தகமாம். கொளுத்தப் போறாங்களாம்."

யோனெ கடையைச் சாத்தவில்லை. மரச்செருப்பு தெருவெல்லாம் தடதடக்க ஓடினாள்.

மைதானத்தில் தாய்மார் சங்கத்துக்காரர்கள் வெள்ளை ஏப்ரனோடு வரிசையாக நின்றார்கள். மருந்துக்கடை குரியாமா அம்மாதான் தலைவி. பிள்ளைகளின் மனசைக் கெடுக்கும் விஷம் என்று பேசி முடித்துவிட்டாள் போலிருக்கிறது. தலைமையாசிரியர் மிசுமோரி கையில் தீக்குச்சி. குவியலின் அடியில் புகை கிளம்பிவிட்டது.

சுவரோரம் தீயணைப்பு வாளிகள் இருந்தன. யோனெ ஒன்றைத் தூக்கி வீசினாள். இன்னொன்றையும் வீசினாள். புகை உஸ்ஸென்று அடங்கியது. முதல் வரிசை ஏப்ரன்கள் தொப்பலாக நனைந்தன. அவளுடைய புத்தகங்களும்தான்.

"பைத்தியமா உனக்கு?" என்று குரியாமா அம்மா கத்தினாள்.

"எனக்கா? என் புத்தகத்தை எரிக்க உனக்கு யாருடி அதிகாரம் குடுத்தது?"

"இதெல்லாம் பிள்ளைங்க மனசு வந்து வீட்டுலேர்ந்து கொண்டு வந்தது."

"எந்த வீட்டுலேர்ந்து? ஒவ்வொண்ணுலயும் என் கைத்தையல் இருக்கு! இதுல எந்தப் பக்கம் விஷம்? காட்டு. ஒரே ஒரு பக்கம் காட்டு."

"குப்பைன்னு தெரிய அதைக் கிளறிப் பாக்கணுமா? மூக்கு போதாதா?"

"ஓஹோ, மூக்கால படிக்கிறவங்களா நீங்க! அப்ப கண்ணாடி எதுக்குக் கண்ணுல?"

பின்வரிசையில் ஒரு அம்மா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். யோனெ பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். ஒருத்தனும் நிமிரவில்லை. தச்சர் மகள் மிட்சுயோதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"ஆளுக்கு ஒரு கெட்ட புத்தகம் கொண்டு வரணும்னு சொன்னாங்க அத்தை. கொண்டு வராதவங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தமாம். எங்ககிட்ட ஏது புத்தகம்? அதான் வாடகைக்கு எடுத்தோம்."

தலைமையாசிரியர் முகம் செத்துவிட்டது.

"சரி, எடுத்தீங்க. ஏன்டி என் நடுத்தட்டை எடுத்தீங்க?"

மிட்சுயோ கால் விரலால் மண்ணைக் கிளறினாள். "நல்ல புத்தகத்தை எரிக்க மனசு வரல அத்தை. அது... யாரும் படிக்காததுதானே."

எரித்தவர்கள் மேல் வந்த கோபம் ஒரு பங்கு என்றால் இந்தச் சொல்லுக்கு வந்தது பத்துப் பங்கு. யோனெ தன் ஏப்ரனை விரித்து நனைந்த புத்தகங்களை அள்ளினாள். உதவ வந்த தலைமையாசிரியரின் கையைத் தட்டிவிட்டாள். நாலு நடை நடந்து எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டு சேர்த்தாள்.

இறுக்கித் தைத்திருந்ததால் நெருப்பு உள்ளே புகவில்லை. ஓரம்தான் கருகியிருந்தது. அடியில் கிடந்த படகுக்கதை மட்டும் தப்பவில்லை. அதன் கடைசிப் பக்கங்கள் சாம்பல். பதிப்பித்தவன் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போயிருந்தான். வேறு பிரதிக்கு வழியில்லை.

படகுக்கதையின் தையலைப் பிரித்து, மிஞ்சியதைத் தாள் தாளாகத் துணிக்கொடியில் காயப் போட்டாள். கடை வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கதை தொங்கியது. பிள்ளைகள் முதலில் ஓரமாக நழுவினார்கள். அப்புறம் ஒருத்தி நின்றாள். அப்புறம் ஒரு கூட்டமே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு தாளுக்குத் தாள் நகர்ந்தது. யோனெ உள்ளேயிருந்து பார்த்தாள். விரட்டவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

கொடியின் கோடிக்கு வந்ததும் மிட்சுயோ உள்ளே எட்டிப் பார்த்தாள். "அத்தை, அண்ணன் வந்தானா?"

"தெரியாது."

"நீங்க படிச்சிருக்கீங்கல்ல!"

"படிச்சிருக்கேன். சொல்ல மாட்டேன். எரிச்சவங்ககிட்டப் போய்க் கேளு."

விளையாட்டுக்குச் சொன்னதாக அவர்கள் நினைக்கவில்லை. திங்கட்கிழமை போய்க் கேட்டார்கள், செவ்வாயும் கேட்டார்கள். குரியாமா அம்மாவின் சொந்த மகளே வீட்டில் கேட்டுச் சோறு தின்னாமல் அடம் பிடித்தாளாம். வாரக் கடைசியில் தலைமையாசிரியர் இனிப்புப் பெட்டியும் கையுமாகக் கடை வாசலுக்கு வந்து இடுப்பு ஒடியக் குனிந்தார்.

"பெரிய தப்பு நடந்துபோச்சு. பிள்ளைங்க என்னை விடமாட்டேங்குதுங்க. அந்த அண்ணன்... வந்தானா அம்மா?"

"கேக்க வேண்டியதை எரிக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்," என்றாள் யோனெ. பெட்டியை அவர் கையிலேயே திணித்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அதற்கப்புறம் நடுத்தட்டில் புத்தகம் தங்கவில்லை. கருகிய ஓரத்தோடே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ஆனால் படகுக்கதையின் முடிவை யோனெ யாருக்கும் சொல்லவில்லை. மிட்சுயோ கல்யாணமாகிப் போகிற அன்றைக்கு வந்து கேட்டாள். அவளுக்கும் சொல்லவில்லை.